கியூஓஎஸ் குறியிடல்: போனிலிருந்து வெளி இணைப்பு வரை, படிப்படியாக

போனில் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது. வீடியோ கூட்டத்தில் முகம் உறைந்து நிற்கிறது. ஆனால் இணைப்பின் வேகத்தைச் சோதித்தால் எண் நன்றாகத்தான் வருகிறது. இந்த நிலையில் பலரும் ரௌட்டரைத் திறந்து, கியூஓஎஸ் (குவாலிட்டி ஆஃப் சர்வீஸ், சேவைத் தரம்) என்ற இடத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் மாறுவதில்லை. சில நேரம் முன்பைவிட மோசமாகிறது.

கியூஓஎஸ் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று தனி வேலைகள் இருக்கின்றன. எந்தப் பாக்கெட் (வலையில் போகும் சிறு தரவுப் பொட்டலம்) எந்த வகை என்று பிரிப்பது முதல் வேலை. அதன் மேல் ஒரு குறி போடுவது இரண்டாவது. நெரிசல் வரும் இடத்தில் அந்தக் குறியைப் பார்த்து யாரை முன்னே விடுவது என்று வரிசைப்படுத்துவது மூன்றாவது. குறி மட்டும் போட்டால் எதுவும் வேகமாகாது. போன் போட்ட குறி, நெரிசல் உள்ள வாசல் வரை அழியாமல் வந்து சேர வேண்டும். நடுவில் ஒரே ஒரு சுவிட்ச் அதை மாற்றிவிட்டால் போதும், மற்ற உழைப்பெல்லாம் வீண். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் அந்தப் பகுதியில் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு நடுத்தர அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். 20 ஐபி போன்கள், 60 கணினிகள், இரண்டு மூன்று சுவிட்சுகள், வைஃபை, ஒரு ரௌட்டர். ஏற்றும் திசையில் 20 எம்பிபிஎஸ் தரும் இணைய இணைப்பு. ஒரு கிளை அலுவலகத்துக்கு விபிஎன், அதாவது இணையத்தின் வழியே போகும் மறைகுறியாக்கிய இணைப்பு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போனிலிருந்து வெளி இணைப்பு வரை ஒரு பாக்கெட் கடந்து போகும் ஒவ்வொரு கருவியையும், ஒவ்வொரு போர்ட்டையும் ஒரு தாளில் வரையுங்கள். மேசைக்கடியில் யாரோ செருகி வைத்த சின்ன சுவிட்சையும் சேர்த்துத்தான். இந்தப் படம் இல்லாமல் வேலையைத் தொடங்கினால், குறி எங்கே தொலைந்தது என்று பிறகு தேட வழியே இருக்காது.

அடுத்து, எல்லா சுவிட்சுக்கும் ரௌட்டருக்கும் நிர்வாக அனுமதி வேண்டும். பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்க வயர்ஷார்க் போட்ட ஒரு மடிக்கணினி வேண்டும். போர்ட்டை மிரர் செய்ய, அதாவது அதில் போவதன் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்ப, தெரிந்திருக்க வேண்டும். இப்போதைய கான்ஃபிகரேஷனின் நகலை எடுத்து வையுங்கள்.

மாற்றம் செய்யும் முன் இருந்த நிலையையும் அளந்து எழுதி வையுங்கள். நெரிசல் நேரத்தில் பிங் எத்தனை மில்லிசெகண்ட், ஒரு அழைப்பில் போன் காட்டும் ஜிட்டர் (பாக்கெட்டுகள் வரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்) எவ்வளவு, இழப்பு எவ்வளவு என்ற மூன்றும் போதும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் "இப்போது பரவாயில்லை போல இருக்கிறது" என்பதைத் தவிர அவர்களால் எதுவும் சொல்ல முடிவதில்லை.

2. நெரிசல் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

வரிசைப்படுத்துதல் நெரிசல் உள்ள இடத்தில் மட்டும்தான் பலன் தரும். ஜிகாபிட் சுவிட்சுக்குள் பெரும்பாலும் நெரிசல் இருக்காது. வேகம் திடீரென்று குறையும் இடம்தான் கழுத்து. நம் உதாரணத்தில் அது ஜிகாபிட் உள் வலையிலிருந்து 20 எம்பிபிஎஸ் இணைப்புக்குள் நுழையும் வாசல். இரண்டாவதாக, வைஃபையின் காற்றுவெளி.

1500 பைட் பாக்கெட் ஒன்று 20 எம்பிபிஎஸ் இணைப்பில் வெளியேற 0.6 மில்லிசெகண்ட் ஆகும். அப்படிப்பட்ட 200 பாக்கெட்டுகள் முன்னால் நின்றால், பின்னால் வந்த குரல் பாக்கெட் 120 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு வெளியிட்ட ஜி.114 பரிந்துரை, ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது. ஒரே ஒரு பேக்கப் வேலை அந்த அளவில் பெரும்பகுதியை எப்படி விழுங்குகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

3. குறி உட்காரும் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ஐபிவி4 தலைப்பின் இரண்டாவது பைட்டில்தான் குறி இருக்கிறது. அதன் 8 பிட்டுகளில் மேல் 6 பிட் டிஎஸ்சிபி; நாம் பேசும் குறி அதுதான். 0 முதல் 63 வரை மதிப்பு வரலாம். கீழ் 2 பிட் இசிஎன், அதாவது நெரிசலை அறிவிக்கும் பிட்டுகள். ஐபிவி6-இல் டிராஃபிக் கிளாஸ் என்ற பைட்டுக்கும் இதே அமைப்புதான்.

ஒரே குறியைச் சில கருவிகள் 6 பிட்டாகவும், சில முழு பைட்டாகவும் காட்டும். குரலுக்கான 46-ஐ இருமத்தில் எழுதினால் 101110. வலப்பக்கம் இரண்டு சுழியம் சேர்த்தால் 10111000, அதாவது 184. நான்கால் பெருக்கினால் போதும்: 46 என்பது 184, 34 என்பது 136, 8 என்பது 32. லினக்ஸின் பிங் கட்டளை முழு பைட்டைக் கேட்கும். ரௌட்டர்களின் பாலிசிகள் பெரும்பாலும் டிஎஸ்சிபி எண்ணைக் கேட்கும். முழு பைட் கேட்கும் இடத்தில் 46 என்று கொடுத்தால் டிஎஸ்சிபி 11 ஆகிப் போய்விடும். அதோடு இசிஎன் பிட்டும் மாறிவிடும். கருவி எதைக் கேட்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். எழுதும்போதும் மேல் 6 பிட்டை மட்டும் மாற்றும் கட்டளையையே பயன்படுத்துங்கள்.

இன்னொரு குறி ஈதர்நெட் அளவில் இருக்கிறது. விலேன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் முறை) டேகுக்குள் இருக்கும் 3 பிட் அது. 0 முதல் 7 வரை வரும். சிஓஎஸ் என்றும் பிசிபி என்றும் சொல்வார்கள். டேக் இருந்தால்தான் அது இருக்கும். பாக்கெட் ரௌட்டரைத் தாண்டினாலோ, டேக் இல்லாத போர்ட்டில் வெளியேறினாலோ அதுவும் போய்விடும். அதனால் கணினி முதல் கணினி வரை நம்ப வேண்டியது டிஎஸ்சிபியைத்தான். சிஓஎஸ் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்சுக்குச் செல்லும் தூரத்துக்கு மட்டும்.

4. எத்தனை வகை, எந்த எண் என்று முடிவு செய்யுங்கள்

கருவியைத் தொடும் முன் இதைத் தாளில் முடியுங்கள். இணைய நெறிமுறை ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 4594 பன்னிரண்டு வகைகளை விவரிக்கிறது. ஒரு அலுவலகத்துக்கு அத்தனை தேவையில்லை. நான் பரிந்துரைப்பது இவை (முதலில் டிஎஸ்சிபி எண், அடுத்து அந்த எண்ணின் வழக்கமான பெயர்):

குரல்: 46, இஎஃப்.
வீடியோ கூட்டம்: 34, ஏஎஃப்41.
அழைப்பை ஏற்படுத்தும் சிப் (எஸ்ஐபி நெறிமுறை) சமிக்ஞை: 24, சிஎஸ்3.
தாமதம் பொறுக்காத அலுவலகச் செயலி: 18, ஏஎஃப்21.
பேக்கப், அப்டேட்: 8, சிஎஸ்1.
மற்ற எல்லாம்: 0.

சமிக்ஞைக்கு ஆர்எஃப்சி 4594 சொல்வது 40. பல நிறுவன வலைகளில் 24 போடுகிறார்கள். நான் 24-ஐத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. சுவிட்சில் மேப், அதாவது எண்ணை மாற்றும் அட்டவணை, சரியாக இல்லாவிட்டால் குரலே 40 என்று வந்து நிற்கும். 7-ஆம் படியில் இதை விளக்குகிறேன். 40-ஐ வேறு எதற்கும் தராமல் காலியாக வைத்தால், அந்த எண் எங்காவது கண்ணில் பட்டதுமே தவறு என்று தெரிந்துவிடும்.

எண்ணின் பெயர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. சிஎஸ் என்று வந்தால் பின்னால் உள்ள எண்ணை 8-ஆல் பெருக்குங்கள். ஏஎஃப் என்று வந்தால் முதல் இலக்கத்தை 8-ஆலும் இரண்டாவதை 2-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். ஏஎஃப்41 என்றால் 32-ம் 2-ம், மொத்தம் 34. இரண்டாவது இலக்கம் எது முதலில் கைவிடப்படும் என்பதைச் சொல்கிறது. 3 உள்ளது முதலில் போகும், 1 உள்ளது கடைசியில்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, எண் பெரிதானால் மரியாதையும் பெரிது என்று நினைப்பது. 38, அதாவது ஏஎஃப்43, 34-ஐவிட முன்னதாகக் கைவிடப்படும். 2019-இல் வந்த ஆர்எஃப்சி 8622 எண் 1-ஐ 0-ஐவிடவும் கீழான வகைக்குக் கொடுத்திருக்கிறது. குரலுக்கு 56 போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். 48-ம் 56-ம் வலையின் சொந்த வேலைக்கு. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற ரௌட்டிங் பாக்கெட்டுகள் 48-இல் போகும். அந்த வரிசையைக் குரலால் நிரப்பினால், நெரிசலில் ரௌட்டிங் அறுந்து முழு இணைப்பே விழுந்துவிடலாம்.

முக்கியமானவை என்று நீங்கள் பட்டியலிடுபவை மொத்த டிராஃபிக்கில் சிறு பங்காக இருக்க வேண்டும். மேலாளர்களின் கணினிகளில் போகும் எல்லாவற்றையும் மேலே வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஆளை வைத்துப் பிரிக்காதீர்கள், செயலியை வைத்துப் பிரியுங்கள். மேலாளரின் கணினியும் இரவில் அப்டேட் இறக்கத்தான் செய்கிறது.

5. யாருடைய குறியை நம்புவது என்று கோடு கிழியுங்கள்

குறியை யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு கணினியில் உள்ள ஏதோ ஒரு செயலி தன் பாக்கெட்டுகள் எல்லாவற்றிலும் 46 போட்டு அனுப்பினால், அதைத் தடுக்க ஐபியில் எதுவும் இல்லை. அதனால் ஓர் எல்லை தேவை. அதற்கு வெளியே இருந்து வரும் குறியை அழித்துப் புதிதாகப் போடுகிறோம். உள்ளே வந்த பிறகு எல்லாக் கருவிகளும் அதை அப்படியே நம்புகின்றன.

இந்த எல்லை பயனருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பொதுவாக அது பயனர் செருகும் சுவிட்ச் போர்ட். ஐபி போனை நம்பலாம். போனின் பின்னால் செருகிய கணினியை நம்பக் கூடாது. அதன் குறியை 0 ஆக்குங்கள், அல்லது நீங்களே வகை பிரித்துப் போடுங்கள். சுவிட்சுகளுக்கு இடையே உள்ள இணைப்புகள், ரௌட்டருக்குப் போகும் இணைப்பு, வைஃபை அணுகல் புள்ளியின் போர்ட் எல்லாம் எல்லைக்கு உள்ளே. இணையத்திலிருந்து வரும் பாக்கெட்டுகள் வெளியே.

பலர் எல்லையை ரௌட்டரில் வைத்துவிடுகிறார்கள். ஒரே இடத்தில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சுவிட்சுகளுக்கும் வைஃபைக்கும் குறி கிடைக்காமல் போகும். ரௌட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஆழமாக ஆராய வேண்டியிருக்கும்.

6. குறியைப் போடுங்கள்

பெரும்பாலான ஐபி போன்கள் குரலுக்கு 46 போட்டுத்தான் வருகின்றன. நம்பிவிடாமல் போனின் அமைப்பில் ஒருமுறை பாருங்கள். குரலுக்கும் சமிக்ஞைக்கும் தனித்தனி இடம் இருக்கும். அழைப்புகளை இணைக்கும் ஐபி பிபிஎக்ஸ் சர்வரிலும் அதேபோல் போட வேண்டும். குறி ஒரு திசைக்கு மட்டும்தான். போன் போட்ட குறி போனிலிருந்து போகும் குரலுக்கு. எதிர்ப்பக்கக் குரலுக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ளவர்தான் போட வேண்டும். "நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எனக்கு வெட்டுகிறது" என்ற புகார் பல நேரம் இதனால் வருகிறது.

விண்டோஸ் கணினிகளில் குரூப் பாலிசிக்குள் இருக்கும் பாலிசி சார்ந்த கியூஓஎஸ் மூலம் போடுங்கள். செயலியின் கோப்புப் பெயர், மூலப் போர்ட் வரம்பு, டிஎஸ்சிபி என்ற மூன்றையும் கொடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு வழக்கமான வரம்புகள்: குரலுக்கு 50000 முதல் 50019, வீடியோவுக்கு 50020 முதல் 50039, திரைப் பகிர்வுக்கு 50040 முதல் 50059. முதலில் டீம்ஸ் நிர்வாகப் பக்கத்தில் இந்தப் போர்ட் வரம்புகளை இயக்கிவிட்டு, பிறகு பாலிசியை எழுதுங்கள். வரம்பு இயங்காமல் பாலிசி மட்டும் இருந்தால், அது பொருந்த வேண்டிய போர்ட்டுகளில் குரல் வரவே வராது.

விண்டோஸில் இரண்டு இடத்தில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒன்று, இயல்பாக இந்தப் பாலிசி டொமைன் வலையில் இருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். டொமைனில் சேராத கணினியில் சோதித்துவிட்டு, குறி வரவில்லையே என்று நாள் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு, கோப்புப் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். பழைய டீம்ஸுக்கும் புதிய டீம்ஸுக்கும் கோப்புப் பெயர் வேறு. பழைய பெயரில் எழுதிய பாலிசி புதியதில் சத்தமில்லாமல் செயலற்றுப் போகும்.

தானாகக் குறி போடத் தெரியாத கருவிகளுக்கு, சுவிட்சிலோ ரௌட்டரிலோ வகை பிரித்துப் போட வேண்டும். எதை வைத்துப் பிரிப்பது? முதல் தேர்வு விலேன்: போன்கள் தனி விலேனில் இருந்தால் வேலை மிக எளிது. அடுத்து சர்வர் முகவரி, பிறகு போர்ட். சிப்புக்கு 5060, 5061. பிபிஎக்ஸ் மென்பொருளான ஆஸ்டெரிஸ்க் இயல்பாகக் குரலுக்கு 10000 முதல் 20000 வரை யுடிபி போர்ட்டுகளை எடுக்கும். உலாவியில் ஓடுபவை பெரும்பாலும் 443-க்குள்தான் போகின்றன. உலாவிகள் பயன்படுத்தும் கியூஐசி நெறிமுறை வந்த பிறகு யுடிபி 443-ம் அப்படித்தான். அந்த எண்ணை மட்டும் வைத்துக் கூட்டத்தையும் வீடியோ பொழுதுபோக்கையும் பிரிக்க முடியாது. அங்கே சேவை நிறுவனம் வெளியிடும் முகவரிப் பட்டியலைப் பயன்படுத்துங்கள்.

ரௌட்டரில் குறி போடுவதாக இருந்தால் உள்ளே நுழையும் பக்கத்தில் போடுங்கள். வெளியேறும் பக்கத்தில் நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக்கும் வேலை) ஏற்கனவே முகவரியை மாற்றியிருக்கும். எந்தப் பாக்கெட் எந்த விலேனிலிருந்து வந்தது என்று அங்கே முகவரியை வைத்துச் சொல்ல முடியாது.

ஐபிவி6 உங்கள் வலையில் ஓடினால், விதிகளை அதற்கும் சேர்த்து எழுதுங்கள். ஐபிவி4-க்கு மட்டும் எழுதிவிட்டு, பாதி டிராஃபிக் ஏன் குறியில்லாமல் போகிறது என்று விழிப்பது மிகவும் வழக்கம்.

7. சுவிட்சில் குறி தொலையும் இடங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960, 3750 போன்ற பழைய வரிசைகள் இன்னும் பல அலுவலகங்களில் ஓடுகின்றன. அவற்றின் நடத்தையைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றைப் புரிந்துகொள்வது எளிது.

இவற்றில் கியூஓஎஸ் இயல்பாக அணைந்திருக்கும். அந்த நிலையில் சுவிட்ச் குறியைத் தொடாமல் அப்படியே விடும். "எம்எல்எஸ் கியூஓஎஸ்" என்று இயக்கிய கணமே எல்லா போர்ட்டும் நம்பாத நிலைக்கு மாறும். நம்பாத போர்ட்டில் வரும் பாக்கெட்டின் டிஎஸ்சிபி 0 ஆக்கப்படும். அதாவது இயக்குவதற்கு முன் நன்றாகப் போய்க்கொண்டிருந்த குறி, இயக்கியதும் அழிகிறது. கியூஓஎஸ் போட்டதும் மோசமாகிவிட்டது என்ற புகாருக்கு இது பெரிய காரணம். எனவே வரிசை முக்கியம்: முதலில் எந்தெந்தப் போர்ட்டை நம்புவது என்ற கட்டளைகளைத் தயார் செய்து வையுங்கள். இயக்கிய கையோடு அவற்றையும் கொடுங்கள். வேலை நேரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது மேப். போர்ட்டை "சிஓஎஸ்ஸை நம்பு" என்று வைத்தால், சுவிட்ச் சிஓஎஸ் எண்ணை எடுத்து, ஓர் அட்டவணையில் பார்த்து, டிஎஸ்சிபியை அதற்கேற்ப மாற்றி எழுதும். இயல்பான அட்டவணை 8-ஆல் பெருக்குவதுதான். குரலின் சிஓஎஸ் 5. ஐந்தெட்டு நாற்பது. போன் 46 என்று அனுப்பியது 40 ஆகி வெளியே போகும்.

இதை நான் நேரில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஓர் அலுவலகத்தில் தினமும் மாலை நான்கு மணிக்குக் குரல் வெட்டியது. அந்த நேரத்தில்தான் பேக்கப் ஓடும். ரௌட்டரின் பாலிசியில் குரல் வகையின் எண்ணியை, அதாவது பாக்கெட் கணக்கைப் பார்த்தேன்: சுழியம். இருபது பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு பாக்கெட்கூட அந்த வகையில் விழவில்லை. போனின் போர்ட்டை மிரர் செய்து வயர்ஷார்க்கில் பார்த்தால் ஒவ்வொரு குரல் பாக்கெட்டிலும் பைட் பதினாறடிமானத்தில் பி8, அதாவது 184. சரி, போன் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ரௌட்டருக்குப் போகும் போர்ட்டுக்கு வந்து மறுபடி பிடித்தேன். அதே அழைப்பு, அதே பாக்கெட், பைட் ஏ0. அதாவது 160. நான்கால் வகுத்தால் 40. அட்டவணையில் ஐந்தாவது இடத்தை 46 என்று மாற்றினோம். ரௌட்டரில் எண்ணி உடனே ஓடத் தொடங்கியது.

இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, மேப்பில் 5-க்கு நேராக 46 என்று மாற்றுவது. இன்னொன்று, "டிஎஸ்சிபியை நம்பு" என்று வைப்பது. சுவிட்சுகளுக்கு இடையே உள்ள இணைப்புகளில் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மாற்றி எழுதும் வாய்ப்பே அங்கே இருக்காது.

புதிய கேட்டலிஸ்ட் 3850, 9000 வரிசைகள் இதற்கு மாறானவை. அவை இயல்பாகவே டிஎஸ்சிபியை நம்பும். பழைய சுவிட்சை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் எல்லை திறந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அங்கே நம்பாதிருக்கத்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

8. வைஃபையைத் தனியாகப் பாருங்கள்

காற்றில் நான்கு வகை மட்டும்தான்: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. டிஎஸ்சிபியை 0 முதல் 7 வரையிலான ஓர் எண்ணாக்கி அந்த நான்கில் போடுவார்கள். 6-ம் 7-ம் குரல். 4-ம் 5-ம் வீடியோ.

சிக்கல் என்னவென்றால், பல அணுகல் புள்ளிகள் டிஎஸ்சிபியின் மேல் 3 பிட்டை அப்படியே எடுத்துக்கொள்ளும். 46-இன் மேல் 3 பிட் 101, அதாவது 5. குரல் வீடியோ வரிசையில் போய் விழும். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325, 46-ஐ 6-க்கு மாற்றச் சொல்கிறது. உங்கள் வைஃபை கன்ட்ரோலரில் அந்த மேப்பை மாற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றுங்கள்.

9. வாசலில் வரிசைப்படுத்துங்கள்

இங்கே முதலில் செய்ய வேண்டியது ஷேப்பிங், அதாவது வெளியேறும் வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பது. ரௌட்டரின் வெளிப் போர்ட் ஜிகாபிட். இணைப்பு 20 எம்பிபிஎஸ். ரௌட்டரின் கண்ணில் நெரிசலே இல்லை. எல்லாவற்றையும் உடனே வெளியே தள்ளிவிடும். வரிசை இணைய நிறுவனத்தின் மோடத்தில் உருவாகும். அந்த மோடம் உங்கள் குறியைப் பார்க்காது. எனவே ரௌட்டரே 20-க்குச் சற்றுக் கீழே, 19 எம்பிபிஎஸ் என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வரிசை உங்கள் கையில் இருக்கும். வெளியே ஒரு ஷேப்பர், அதற்குள் வகைகளின் பாலிசி என்று அடுக்கி எழுதுங்கள். ஷேப்பர் இல்லாமல் உள் பாலிசியை மட்டும் போர்ட்டில் மாட்டுவதுதான் இந்தப் படியில் அதிகம் பார்க்கும் தவறு.

குரலுக்கு முன்னுரிமை வரிசை. அதன் அளவைக் கணக்கிட்டுப் போடுங்கள். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்புக்கு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு 50. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் தலைப்பு. ஐபி அளவில் 80 கேபிபிஎஸ். ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்தால் சுமார் 87. ஒரே நேரத்தில் 10 அழைப்பு என்றால் ஒரு திசையில் 870 கேபிபிஎஸ். 1 எம்பிபிஎஸ் என்று ஒதுக்கலாம்.

குறைத்து ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நெரிசலில் முன்னுரிமை வரிசை தன் அளவைத் தாண்டினால், தாண்டியது கைவிடப்படும். 500 கேபிபிஎஸ் ஒதுக்கிவிட்டு ஆறாவது அழைப்பை விட்டால், ஆறாவது மட்டும் கெடாது. எந்தப் பாக்கெட் எந்த அழைப்புடையது என்று வரிசைக்குத் தெரியாது. ஆறு அழைப்பும் சேர்ந்து கெடும். மறுபக்கம், முன்னுரிமை வரிசை மொத்த இணைப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் வையுங்கள். வீடியோவைக் குரலோடு அதே வரிசையில் போடாதீர்கள். வீடியோ பாக்கெட்டுகள் பெரியவை, கொத்துக் கொத்தாக வருபவை. அவற்றின் பின்னால் குரல் காத்திருக்க நேரிடும்.

சிஸ்கோ ரௌட்டரில் வகைகளை எழுதும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கிளாஸ்-மேப் இயல்பாக "எல்லாம் பொருந்த வேண்டும்" என்ற நிலையில் இருக்கும். அதில் 34 என்று ஒரு வரி, 36 என்று இன்னொரு வரி எழுதினால், ஒரே பாக்கெட் இரண்டாகவும் இருக்க முடியாதே, எதுவுமே பொருந்தாது. "ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்" என்று மாற்றுங்கள். அடுத்து, வகைகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்தியதோடு தேடல் நின்றுவிடும். பரந்த விதியை மேலே வைத்தால் கீழே உள்ள நுட்பமான விதிக்கு எதுவும் வராது.

லினக்ஸ் ரௌட்டராக இருந்தால் கேக் என்ற வரிசை முறையைப் பரிந்துரைக்கிறேன். 2018-இல் வந்த 4.19 கர்னல் முதல் அது உள்ளேயே இருக்கிறது. ஷேப்பிங்கும் வரிசையும் ஒன்றாகவே வரும். வேகத்தை எண்ணாகக் கொடுங்கள், டிஃப்சர்வ்4 என்ற தெரிவைப் போடுங்கள். சிறிய அலுவலகத்துக்கு அதுவே போதும்.

இறக்கும் திசை பற்றி ஒரு வார்த்தை. அங்கே நெரிசல் உங்கள் ரௌட்டருக்கு முன்னாலேயே நடந்து முடிகிறது. வரும் டிராஃபிக்கை இணைப்பின் வேகத்துக்குக் கீழே ஷேப் செய்தால், அனுப்புபவர்கள் தாமாகவே வேகத்தைக் குறைப்பார்கள். ஓரளவு உதவும். ஏற்றும் திசையில் கிடைக்கும் அளவு உறுதியை எதிர்பார்க்காதீர்கள்.

10. வழியில் உள்ள ஒவ்வொரு போர்ட்டிலும் சரிபாருங்கள்

1-ஆம் படியில் வரைந்த படத்தை எடுங்கள். ஓர் அழைப்பைப் போட்டு, பேசிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். போனின் போர்ட், சுவிட்சிலிருந்து வெளியேறும் போர்ட், அடுத்த சுவிட்ச், ரௌட்டரின் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று ஒவ்வொன்றிலும் பிடித்து, பைட்டைப் படத்தில் அந்த இடத்திலேயே எழுதுங்கள். எண் மாறும் இடம்தான் கோளாறு உள்ள இடம். கான்ஃபிகரேஷனைப் படித்துக் கண்டுபிடிக்க முயல்வதைவிட இது பல மடங்கு வேகம்.

அழைப்பு போட ஆள் இல்லாவிட்டால் லினக்ஸ் பிங்கை 184 குறியோடு அனுப்பலாம். ஆனால் அது காட்டுவது வழியில் குறி பிழைக்கிறதா என்பதை மட்டும்தான். போர்ட் எண்ணை வைத்து வகை பிரிக்கும் விதி சரியா என்பதைப் பிங்கால் சோதிக்க முடியாது. அதில் போர்ட்டே கிடையாது.

பிறகு இணைப்பை நிரப்புங்கள். வேகம் சோதிக்கும் கருவியான ஐபெர்ஃப்3-ஐ வைத்து ஏற்றும் திசையை முழுவதும் அடைத்துவிட்டு, அதே நேரத்தில் பேசிப் பாருங்கள். நெரிசல் இல்லாதபோது எல்லாப் பாலிசியும் நன்றாக வேலை செய்வது போலத்தான் தெரியும். ரௌட்டரில் "ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்" கொடுத்து மூன்றைப் பாருங்கள்: குரல் வகையின் எண்ணி ஏறுகிறதா, அந்த வகையில் கைவிடப்பட்டவை சுழியமா, சாதாரண வகையில் கைவிடப்பட்டவை ஏறுகின்றனவா. மூன்றாவது ஏறவில்லை என்றால் நெரிசல் உங்கள் ரௌட்டரில் இல்லை. ஷேப்பரின் எண்ணை இன்னும் குறையுங்கள்.

11. விபிஎன்னும் இணைய நிறுவனமும்

விபிஎன்னுக்குள் போகும் பாக்கெட் மறைகுறியாக்கப்பட்டுவிடும். வெளியேறும் போர்ட்டுக்குப் போர்ட் எண்ணோ உள் முகவரியோ தெரியாது. ஆனால் விபிஎன்களில் பயன்படும் ஐபிசெக் இயல்பாக உள் தலைப்பின் டிஎஸ்சிபியை வெளித் தலைப்புக்கு நகலெடுக்கும். எனவே மறைகுறியாக்கும் முன்பே குறி போட்டுவிட்டு, வெளியே அந்தக் குறியை மட்டும் வைத்துப் பிரியுங்கள்.

இதில் ஒரு மறைந்த பள்ளம் உண்டு. மறைகுறியாக்கும்போது பாக்கெட்டுகளுக்கு வரிசை எண் போடப்படுகிறது. அதன் பிறகு உங்கள் முன்னுரிமை வரிசை குரலை முன்னே விடுகிறது, மற்றவை பின்தங்குகின்றன. எதிர்முனை, மிகவும் பின்தங்கி வரும் எண்ணைப் பழைய பாக்கெட்டின் மறுபதிப்பு என்று சந்தேகித்துத் தூக்கி எறியும். சிஸ்கோவில் இயல்பான சாளரம் 64 பாக்கெட். கியூஓஎஸ் போட்ட பிறகு விபிஎன்னில் கோப்புகள் மட்டும் மெதுவானால், ரீப்ளே எண்ணியைப் பாருங்கள். சாளரத்தை 1024 ஆக உயர்த்துங்கள்.

பொது இணையத்தில் உங்கள் குறி மதிக்கப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதி வழியில் 0 ஆகலாம், வேறு எண்ணும் ஆகலாம். எம்பிஎல்எஸ் இணைப்பு, அதாவது இணைய நிறுவனம் தன் வலைக்குள்ளேயே கிளைகளை இணைத்துத் தரும் தனி இணைப்பு, வாங்கியிருந்தால் கதை வேறு. அங்கே ஒப்பந்தத்தில் வகைகளும் ஒவ்வொன்றுக்கும் அளவும் இருக்கும். எந்த எண் எந்த வகை என்ற அட்டவணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எம்பிஎல்எஸ் தலைப்பில் குறிக்கு 3 பிட் மட்டும் இருப்பதால் உங்களுடைய ஆறு வகைகள் அங்கே மூன்றாகவோ நான்காகவோ சுருங்கலாம். வெளியேறும் போர்ட்டில் அவர்களுடைய எண்ணுக்கு மாற்றி அனுப்புங்கள். உள் வலையின் எண்களை அதற்காக மாற்ற வேண்டாம்.

12. முடித்த பிறகு

எண்கள் எழுதிய அந்தப் படத்தை, தேதியோடு, ரேக்கின் கதவுக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். குறி பெரும்பாலும் மறுபடி தொலைவது ஒரு சுவிட்ச் பழுதாகி, அவசரத்தில் வேறொன்றை மாட்டும் நாளில்தான். மாட்டியவர் விலேன்களைச் சரியாகப் போட்டிருப்பார், இணைப்பு வந்திருக்கும், எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். நம்பிக்கை அமைப்பும் மேப்பும் மட்டும் இயல்பு நிலையிலேயே இருக்கும். அடுத்த பேக்கப் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. கருவி மாற்றிய அன்றே, ஓர் அழைப்பைப் போட்டு, அந்தச் சுவிட்சிலிருந்து வெளியேறும் போர்ட்டில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். 184 வர வேண்டும்.